இருட்டறையில் வைத்த கோரை

கதவு திறந்த சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

நான் அம்மன் கோயிலுக்கு வெளியே, வேப்பமர நிழலில், கையில் மைக்கோடு நின்றிருந்தேன். மரத்தில் ஒரு குழாய் ஸ்பீக்கர், குளத்தைப் பார்த்து இன்னொன்று. கோயிலை ஒட்டின அந்தச் சின்ன அறைக்குள் ஆண்கள் போகக் கூடாது. முளைப்பாரிப் பானைகளை வைத்து வளர்க்கும் அறை அது. குறித்த நாளில் கதவைத் திறந்ததும், முளைத்திருப்பதைப் பார்த்துப் பெண்கள் குரவையிடுவார்கள். நான் மைக்கை அந்தப் பக்கம் நீட்டினால் போதும், குரவை குளத்தின் அக்கரை வரைக்கும் போய்ச் சேரும். பல வருஷமாக இதே மரம், இதே வேலை.

அன்றைக்கு ஸ்பீக்கரில் வந்தது பெண்கள் மூச்சுவிடும் சத்தம் மட்டும்தான். யாரோ ஒருத்தி தொண்டையைச் செருமினாள். அது ஊர் முழுக்கக் கேட்டது. நான் மைக்கை அணைத்தேன்.

முதலில் வெளியே வந்தது என் வீட்டுக்காரி சரோஜா. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தியிருந்தாள். கிட்டே வந்து, "செட்டைக் கழட்டுங்க. ஒரு பானையிலயும் முளைக்கல்ல" என்றாள்.

அவளுக்குப் பின்னால் பகவதி மைனி வந்தாள். யாரையும் பார்க்கவில்லை. தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே தெருவில் இறங்கிப் போனாள்.

கை என்றால் அந்தக் கை

பகவதி மைனி எனக்குச் சொந்தமில்லை. பக்கத்து வீட்டு வேலப்பண்ணனைக் கட்டி வந்ததால் மைனி, அதாவது மதினி. அண்ணன் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிவிட்டது. மைனி என்கிற முறை மட்டும் அப்படியே நிற்கிறது. நடவுக்கும் களைபறிக்கவும் போவாள். பேச்சு குறைவு. நாலு வார்த்தையில் முடிகிறதை ஐந்து வார்த்தையில் சொல்ல மாட்டாள்.

அவளுக்கு ஊரில் ஒரே ஒரு பெருமைதான் உண்டு. கைராசி.

யாராவது நாற்றங்கால் போட்டால் முதல் பிடி விதை மைனி தூவ வேண்டும். புது வீட்டில் முருங்கைக் கொம்பு ஊன்றவும் மைனி வேண்டும். அம்மன் கொடைத் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும்போது முதல் பானையில் முதல் பிடி பயறு மைனியின் கையில் இருந்துதான் விழும். மற்ற பெண்கள் அதற்குப் பிறகே கையை நீட்டுவார்கள். வசதியான வீட்டுப் பெண்கள்கூட அந்த ஒரு நாள் மைனிக்கு வழிவிட்டுப் பின்னால் நிற்பார்கள்.

சரோஜா சொல்வாள்: "மைனி அடுக்கி வச்ச விறகை எரிக்கதுக்கு முன்ன ஒரு தடவ பாத்துக்கிடணும். தளிர்த்திருக்கும்."

இப்படி ஒரு பேர் இருக்கிறதில் ஒரு சங்கடமும் உண்டு. முளைத்தால் கை முளைத்தது என்பார்கள். முளைக்காவிட்டால் பானையைக் குறை சொல்ல மாட்டார்கள், எருவைக் குறை சொல்ல மாட்டார்கள். போட்ட கையைத்தான் சொல்வார்கள். வாடின கை என்று ஒருதரம் பேர் விழுந்துவிட்டால் பிறகு யாரும் விதைக்குக் கூப்பிட மாட்டார்கள். கல்யாணப் பந்தலுக்குக் கால் நடும்போது எதிரே வராமல் இருந்தால் நல்லது என்றுகூட நினைப்பார்கள். வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

குளத்துக்கு ஏன் போனேன்

அடிக்கடி போன் செய்யும் மார்த்தாண்டத்து வாசகர் ஒருவர், "நீரு மைக் செட்காரர்தானே, எப்பம் பாத்தாலும் குளம் குளம்னு எழுதுகேரே" என்று கேட்டார். போன வாரம் கல்யாண வீட்டு ஜெனரேட்டர் கதையிலும் கடைசியில் குளத்தைக் கொண்டுவந்துவிட்டேனாம். சரி, இந்த வாரம் நேராகவே இறங்கிவிடுகிறேன்.

கொரோனா காலத்தில் கொடை இல்லை, திருவிழா இல்லை, கல்யாண வீட்டில் பத்துப் பேருக்கு மைக் எதற்கு. செட்டெல்லாம் தார்ப்பாய் மூடிக் கிடந்தது. நான் ஆலடிக்குளத்துக் கரையில் போய் உட்கார்ந்திருப்பேன். நாகர்கோவில் டவுன் பஸ் வந்து திரும்புகிற இடத்துக்குப் பின்னாலேயே குளம். ஆனால் தண்ணீரைப் பார்க்க முடியாது. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. ஒரு நாள் ஒரு பெட்டைக்கோழி இந்தக் கரையில் இறங்கி, கொத்திக்கொத்தி நடந்து, அந்தக் கரையில் ஏறியது. என் கண்ணால் பார்த்தேன்.

கரையில் உட்கார்ந்து ஜனங்கள் பேசுவதைக் கேட்பது எனக்குப் பிடிக்கும். படிப்பு ஒன்பதாம் வகுப்போடு நின்றுபோனது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் மைக்கின் முன்னாலும் பின்னாலும் ஜனங்கள் பேசினதைத்தான். ஊர்த் தலைவர் தாணு அண்ணாச்சி ஒரு நாள் குளத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போர்வை போத்தியாச்சு. இனி சங்கு ஊதுகதுதான் பாக்கி."

எனக்கு அது சுருக்கென்று தைத்தது. சங்கு ஊத ஆள் வந்தாலும் செட் நான்தானே போட வேண்டும்.

மணக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊரில் மாதா கோயில் திருவிழாவுக்கு நான் செட் போடுவது வழக்கம். அங்கே அந்தோணி என்று ஒரு சினேகிதர், கரைமடிக்காரர். கடலில் வலையைச் சுற்றி விட்டு, கரையில் இரண்டு வரிசையாக நின்று இழுக்கிற வலைதான் கரைமடி. பழைய மடி ஒன்று அவர் வீட்டுக் கொல்லையில் சும்மா கிடந்தது. "அதை எங்க குளத்துல போட்டு இழுக்கலாமா?" என்று கேட்டேன். சிரித்தார். பிறகு யோசித்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஒரு டெம்போ நிறைய ஆட்களோடு வந்து இறங்கிவிட்டார்.

இரண்டு கரையிலும் கயிறு பிடித்தார்கள். அவர்கள் சத்தம் கொடுக்க எங்கள் ஆட்களும் சேர்ந்து இழுத்தார்கள். வயலில் நிற்கிறவன் கால் வேறு, கடலில் நிற்கிறவன் கால் வேறு. எங்களுக்கு இரண்டு இழுப்பில் மூச்சு வாங்கியது. ஆகாயத்தாமரை மலை மாதிரி சுருண்டு வந்தது, ஒரு மாதிரி அழுகின வாடையோடு. அதற்குள் பிளாஸ்டிக் குடம், பிள்ளைகளின் பந்து, ஒரு ஹெல்மெட். அந்தோணி நெற்றி வேர்வையை வழித்துவிட்டுச் சொன்னார்: "மீனு ஒண்ணுகூட இல்லாம மடி இந்தக் கனம் கனத்து நான் இப்பம்தான் காணுகேன்."

பல ஞாயிறுகள் இப்படிப் போயின. பல வருஷத்துக்குப் பிறகு குளத்தில் வானம் தெரிந்தது.

யாராவது குடியிருக்க வேண்டும்

வானம் தெரிந்ததில் எல்லாருக்கும் சந்தோஷம். ஆஷா டீச்சர் மட்டும் சந்தோஷப்படவில்லை.

ஆஷா டீச்சர் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள். பக்கத்து ஊர்ப் பெண். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு அதே நல்ல சேலையோடு குளத்துக்கு வந்து நிற்பாள். "வெட்டவெளியா விட்டா அடுத்த மழைக்கு இது திரும்ப வரும்ணே. காலி வீட்டுலதானே கண்டவன் நுழைவான்? இங்க முன்னால குடியிருந்தவங்களைக் கூட்டிட்டு வரணும்" என்றாள்.

முன்னால் யார் குடியிருந்தார்கள் என்று கரையில் ஒரு பெரிய பேச்சு நடந்தது. நடுக்குளத்தில் அல்லி இருந்தது. ஓரத்தில் கொட்டிச் செடி. கரையில் தாழை, எங்கள் பக்கம் கைதை என்போம். வடக்கு மூலையில், முழங்கால் ஆழத்தில், ஆள் உயரத்துக்குக் கோரை. கோரைக்குள் நீர்க்கோழி குஞ்சு பொரிக்கும். மடை திறந்தால் கோரையில் வடிகட்டித்தான் வெள்ளம் வரும் என்று தாணு அண்ணாச்சி சொன்னார்; எங்கள் பேச்சில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேர்.

அல்லிக் கிழங்கு வேறொரு குளத்தில் கேட்டு வாங்கி வந்து ஊன்றினோம். கைதைக் கொம்பு வெட்டி நட்டபோது மட்டும் சண்டை வந்தது. கைதை வைத்தால் பாம்பு வரும் என்றார் அண்ணாச்சி. "இவ்வளவு நாளு ஆகாயத்தாமரைக்குள்ள பாம்பு இல்லாம பாயசமா இருந்து?" என்று சரோஜா கேட்டாள். 

மிச்சம் கோரை. தேரூர்ப் பக்கம் ஒரு குளத்தில் அந்தக் கோரை இன்னும் நின்றது. தண்டை விரலில் உருட்டினால் மூன்று பட்டை தெரியும். ஆனால் அங்கே பறவை அடைகாத்துக்கொண்டிருந்தது, தோண்டக் கூடாது என்று டீச்சர் சொல்லிவிட்டாள். கதிர் முற்றினதும் விதை எடுத்து வந்தாள். காகிதத்தைப் பிரித்துக் காட்டினாள். விதையா அது? அலமாரி மேல் இருக்கும் தூசி. மூச்சு விட்டால் பறந்துவிடும்.

கும்பப்பூ நெல் அறுப்பு முடிந்திருந்தது. அடுத்த கன்னிப்பூ விதைப்பு வரைக்கும் வயலுக்குத் தண்ணீர் வேண்டாம். அந்த இடைவெளியில் மடையைத் திறந்து வைத்து, வடக்கு மூலைச் சேற்றை வெளியே தெரியும்படி விட அண்ணாச்சி ஒத்துக்கொண்டார். அதற்குள் நாற்றுத் தயாராக வேண்டும். டீச்சர் பெண்களிடம் விதையைக் கொடுத்து, "பானையில போட்டு முளைக்க வைங்க. உங்களுக்குத் தெரியாததா" என்று சொன்னாள். மறுநாள் பரீட்சைத்தாள் திருத்தத் திருநெல்வேலிக்குப் போய்விட்டாள்.

உங்களுக்குத் தெரியாததா. அந்த ஒரு சொல்லில்தான் எல்லாம் இருந்தது.

பொன் நிறம்

எங்கள் பெண்களுக்குப் பானையில் முளைக்க வைப்பதென்றால் ஒரே வழிதான் தெரியும், அது முளைப்பாரி. தலைமுறை தலைமுறையாகத் தேறின வேலை. கோயில் அறையிலேயே வைக்கலாம் என்று சொன்னது பகவதி மைனி. சாமி அறையில் புல்லை வளர்ப்பதா என்று ஒருத்தி கேட்டாளாம். மைனி நாலு வார்த்தைக்கு மேல் பேசின நாள் அது.

"அம்மன் ஆறாட்டுக்கு எறங்குகது அந்தக் குளத்துலதானே. அவ குளிக்கிற எடத்தைச் சுத்தி ஒரு மறைப்பு வேண்டாமா?"

பானைகள் அன்றைக்கே கோயில் அறைக்குப் போயின.

அடியில் வைக்கோல் சுருட்டி வைத்து, மேலே பொடித்த சாணமும் செம்மண்ணும் போட்டு, தண்ணீர் தெளித்து, மைனி முதல் பிடியைத் தூவினாள். பிறகு கதவைச் சாத்தினார்கள். ஜன்னலுக்குச் சாக்கு. கதவிடுக்குக்குத் துணி. முளைப்பாரியில் வெயில் படக் கூடாது. பட்டால் பச்சையாகிவிடும், பச்சையானால் அது வெறும் பயறுச்செடி. இருட்டில் நின்றால்தான் பொன்னிழை மாதிரி வெளுத்து, மெலிந்து, நீண்டு வரும். அந்த நிறத்துக்குத்தான் எங்கள் ஊரில் மதிப்பு.

விரதம் இருந்தார்கள். தண்ணீரைக் கையால் தெளித்தார்கள். கும்மிகூட அடித்தார்களாம். சரோஜா எனக்கு மீன் வைத்துத் தரவில்லை. "கோரைக்கு என்னத்துக்கு விரதம்?" என்று கேட்டேன். "முளைக்கல்லன்னா நீங்க மீன் தின்னதாலன்னு சொல்லுவாவ. தேவையா?" என்றாள்.

அத்தனை பக்குவத்துக்கும் பிறகுதான் அந்த மௌனம் ஸ்பீக்கரில் கேட்டது.

டீச்சருக்குப் போன் செய்தேன். முளைக்கவில்லை என்று சொன்னேன். "விதை பழசாப் போயிருக்கும்ணே. தப்பு என் மேலதான்" என்றாள். இருட்டறை என்று நான் சொல்லவில்லை. அவள் கேட்கவும் இல்லை. மீன் கழுவினேன் என்று சொல்கிறவள் தண்ணீரில் கழுவினேன் என்று சொல்வாளா?

விதை பழசு என்று நான் ஊரில் சொல்லிப் பார்த்தேன். காதுகொடுத்துக் கேட்டார்கள். தலையாட்டினார்கள். பிறகு டீக்கடையில் மெதுவாக, "இருந்தாலும்..." என்று தொடங்கினார்கள். அந்த 'இருந்தாலும்' ரொம்பக் கொடுமையான வார்த்தை.

மத்தியானம்

முளைக்காத பாரியை அறையில் வைத்திருக்கக் கூடாது. குளத்தில் சேர்க்க வேண்டும். மற்ற பெண்கள் யாரும் பானையைத் தொடவில்லை. மறுநாள், தெருவில் நாய்கூட நடமாடாத உச்சி வெயிலில், மைனி ஒற்றையாக நடந்து நடந்து பானைகளைக் கொண்டுபோனாள். நான் கடை வாசலில் வயர் சுற்றிக்கொண்டிருந்தேன். பின்னாலேயே போய், "நான் ரெண்டு எடுக்கேன் மைனி" என்றேன்.

"ஆம்பிள தொடாண்டாம். நீ போ செல்வம்."

படித்துறையிலேயே நின்றுவிட்டேன். மடை திறந்திருந்ததால் தண்ணீர் வற்றி நடுக்குளத்துக்கு ஒதுங்கிவிட்டது. வடக்கு மூலை முழுக்கச் சேறு. மைனி தண்ணீர் வரைக்கும் போகப் பார்த்தாள். கால் முழங்கால் வரை புதைந்தது. பிறகு நின்ற இடத்திலேயே குனிந்தாள். பானையைத் தட்டி, மண்கட்டியை உடையாமல் உருவி, தலை மேலே இருக்கும்படி சேற்றில் வைத்தாள். ஒரு அடி பின்னால் வந்தாள். அடுத்த பானை. அவள் முதுகு வளைந்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம்தான். வயலில் நாற்று நடும்போது அப்படித்தான் வளையும். தூக்கி எறிய வந்தவளின் கைக்கு எறியத் தெரியவில்லை.

அவள் அழுகிறாளா என்று பார்க்க எனக்கு விருப்பமில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

சித்திரையில் கன்னிப்பூவுக்கு நாற்றங்கால் போட்டார்கள். தாணு அண்ணாச்சி வயலில் முதல் பிடியை அவரே தூவினார். வருஷா வருஷம் மைனியைக் கூப்பிடுகிற மனிதர். "மைனிக்கு மேலுக்குச் சொகமில்லன்னு கேட்டேன், அதான்" என்று என்னிடம் தானாகவே சொன்னார். நான் கேட்கவே இல்லை. மைனிக்கு ஒரு கேடும் இல்லை. அன்று காலையில் குளித்து, வெள்ளைச் சேலை உடுத்து, வாசலில் உட்கார்ந்து, யாரும் கூப்பிட வராததைப் பார்த்துவிட்டு, உள்ளே போய்ப் பழைய சேலைக்கு மாறினாள். இதை சரோஜா எனக்குச் சொன்ன அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

வட்டம் வட்டமாக

ஒரு கோடை மழைக்குப் பிறகு, டீச்சரும் நானும் சரோஜாவும் குளத்துக்குப் போனோம். ஆகாயத்தாமரைக் குட்டிகள் அங்கங்கே தலைகாட்டியிருந்தன. குட்டியாக இருக்கும்போதே பிடுங்க வேண்டும், விட்டால் ஒரே மாதத்தில் குடும்பம் பெருகிவிடும். குளம் காப்பாற்றுவது என்பது பெரும்பாலும் இந்த வேலைதான். பத்திரிகையில் போட்டோ வராத வேலை.

வடக்கு மூலையில் டீச்சர் நின்றுவிட்டாள். "அண்ணே, இது என்ன?"

சேற்றில் பச்சை வட்டங்கள். ஒவ்வொன்றும் பானை வாய் அளவு. கிட்டே போய்ப் பார்த்தால் தலைமயிர் மாதிரி மெல்லிய தளிர்கள், நெருக்கமாக, நூற்றுக்கணக்கில். வரிசையாக வேறு இருந்தன. டீச்சர் சேலையோடு சேற்றில் மண்டியிட்டு, ஒரு தளிரை நகத்தால் தொட்டுப் பார்த்தாள். "கோரை. நம்ம கோரைதான். இதை யாரு இங்க வச்சா?"

நான் சொன்னேன். அவள் நம்பாமல், "பானையில முளைக்கலன்னு சொன்னீங்களே. பானையை எங்க வச்சிருந்தீங்க?" என்று கேட்டாள்.

"கோயில் அறையிலதான். கதவடச்சு, ஜன்னலுக்குச் சாக்குப் போட்டு" என்றாள் சரோஜா, ஒரு குறையும் வைக்கவில்லை என்கிற பெருமையோடு.

டீச்சர் சேற்றுக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள். நெற்றி முழுக்கச் சேறு. இந்த விதை மண்ணுக்கு மேலே கிடந்து வெளிச்சம் பட்டால்தான் கண் திறக்கும் என்று அப்போதுதான் சொன்னாள். பயறு மாதிரி இல்லை. இருட்டில் எத்தனை நாள் வைத்தாலும் தூங்கிக்கொண்டேதான் இருக்கும். "நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும். எனக்கு இது அரிச்சுவடி, அதனாலயே சொல்லத் தோணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

மூன்று பேரும் சேற்றுக் காலோடு மைனி வீட்டுக்குப் போனோம்.

மைனி முற்றத்தில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் சொல்வதை முழுக்கக் கேட்டாள். முகம் மாறவே இல்லை. பிறகு டீச்சரைப் பார்த்துச் சொன்னாள்:

"பிள்ளே, நீ நல்லவ. அதுக்காக ரெண்டு நாத்தை நீயே கொண்டு நட்டு வச்சுட்டு, என் கையிலதான் முளைச்சதுன்னு எங்கிட்ட வந்து சொல்லாண்டாம். எனக்கு அந்தப் பிச்சை வேண்டாம்."

டீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. நான் சத்தியம் செய்யப் போனேன். "நீ சும்மா இரி செல்வம். நீயும் கூட்டுதான்" என்றாள் மைனி. சரோஜாதான் அவள் கையில் இருந்த முறத்தை வாங்கிக் கீழே வைத்து, "வந்து பாருங்க மைனி. பாத்துட்டு எங்களை ஏசுங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

குளத்தில் மைனி தளிர்களைப் பார்க்கவில்லை. வரிசையைப் பார்த்தாள். கரையில் நின்றபடியே கண்ணால் அதன் கூடவே நடந்தாள். ஒரு இடத்தில் வரிசை கோணி, இரண்டு வட்டங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அங்கே கையை நீட்டினாள்.

"இங்கன சறுக்கினேன்."

 அதை நான் பார்த்திருக்கவில்லை. வேறு யாரும் பார்த்திருக்க முடியாது. இறங்கிப் போய், ஒரு வட்டத்தின் மேல் உள்ளங்கையைப் படாமல் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கிற மாதிரி.

அந்தக் கேள்வி

டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கினாள். வெளிச்சம்தான் காரணம், கையில் ஒரு குற்றமும் இல்லை, ஊருக்கே நான் வந்து சொல்கிறேன் என்றாள். மைனி கவனமாகக் கேட்டாள். நான் மனதுக்குள் கதை சுபமாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன். மைனி அப்படி நினைக்கவில்லை.

"அப்பம் இது முளைச்சது வெளிச்சத்துனால. என் கையினால இல்ல."

"ஆமாக்கா" என்றாள் டீச்சர், ஆறுதலாக.

"அப்பம் இவ்வளவு காலமும் பயறு முளைச்சது?"

 எனக்கு அப்போதுதான் உறைத்தது. பழியில் இருந்து மைனியை இறக்கிவிடுகிற அதே விளக்கம், அவளுடைய ஆயுளுக்கும் சேர்ந்த ஒரே பெருமையையும் கையோடு எடுத்துக்கொண்டு போகிறது. மைனி அதை எங்கள் எல்லாருக்கும் முன்னால் பார்த்துவிட்டாள்.

"பயறு எங்க வச்சாலும் முளைக்கும்க்கா. ஆனா பக்குவம் வேணும். வெள்ளம் கூடினா அழுகிப்போகும்" என்றாள் டீச்சர்.

"பக்குவம் சரோஜாக்கும் தெரியும்."

"தெரியும்க்கா."

"அப்பம் கைன்னு ஒண்ணு இல்லயா?"

டீச்சர் பொய் சொல்லவில்லை. அதற்காகவே அவளை எனக்குப் பிடிக்கும். "எனக்குத் தெரியலக்கா" என்றாள்.

மைனி சேற்றுக் கையைக் குளத்துத் தண்ணீரில் கழுவினாள். ஒரு கையை மட்டும் ரொம்ப நேரம் கழுவினாள்.

ஊர் எடுத்துக்கொண்டது

டீச்சர் சொன்னபடியே ஊரில் விளக்கிச் சொன்னாள். நான் மைக்கே வைத்துக் கொடுத்தேன். எல்லாரும் கேட்டார்கள், கை தட்டினார்கள். பிறகு அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் டீக்கடையில் பேச்சு இதுதான்: பகவதி வேண்டாமென்று குளத்தில் கொண்டு தள்ளினதுகூட முளைத்துவிட்டது. சேற்றில் எறிந்தாலும் முளைக்கும் கை. முன்னால் இருந்ததைவிட ராசி இரண்டு மடங்கு கூடிப்போனது. வெளிச்சத்தை யாரும் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

வைகாசிக் கொடைக்கு முளைப்பாரி போடும் நாள் வந்தது. தாணு அண்ணாச்சி வெற்றிலை பாக்கோடு மைனி வீட்டு வாசலில் போய் நின்றார். "நாத்தங்கால் அன்னைக்கு நான் செஞ்சது சரியில்ல மைனி" என்றாராம். மைனி வெற்றிலையை வாங்கிக்கொண்டாள். "சொகமில்லன்னு சொன்னேராம். இப்பம் சொகம்" என்று மட்டும் சொன்னாளாம்.

அறைக்குள் நடந்ததை நான் பார்க்க முடியாது. சரோஜா சொன்னதை எழுதுகிறேன்.

பானைகள் தயாராக இருந்தன. பெண்கள் வழிவிட்டு நின்றார்கள். மைனி பயற்றை ஒரு பிடி எடுத்தாள். பானைக்கு மேலே கையைக் கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். பிறகு திரும்பி, "எல்லாரும் ஒரு பிடி எடுங்க" என்றாள். யாருக்கும் புரியவில்லை. "எடுங்கட்டி" என்றாள்.

எடுத்தார்கள். கதவுக்கு வெளியே, தனக்கு உள்ளே வர அனுமதி உண்டா என்று தெரியாமல், ஆஷா டீச்சர் நின்றுகொண்டிருந்தாள். மைனி அவளையும் கூப்பிட்டாள். எல்லாக் கையும் ஒரே பானைக்கு மேலே வந்தன. இடம் போதாமல் ஒருத்தி கைக்கு அடியில் இன்னொருத்தி கை.

மைனி சொன்னாளாம்: "இனி ஒருத்தி கையை மட்டும் தலைக்கு மேல தூக்கி வைக்காண்டாம். பொறவு அதே கையைப் போட்டு மிதிக்கவும் வேண்டாம். எல்லாருமாப் போடுங்க. முளைச்சா எல்லார்க்கும். இல்லன்னா எல்லார்க்கும்."

போட்டார்கள். பாதிப் பயறு பானைக்கு வெளியே விழுந்தது என்று சரோஜா சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதில் இருந்து எங்கள் ஊரில் முதல் கை என்று ஒன்று கிடையாது. கொடைக்கும் அப்படித்தான், கோரைக்கும் அப்படித்தான். இப்போது வருஷா வருஷம் கும்பப்பூ அறுத்ததும் மடையைத் திறந்து, பெண்கள் எல்லாரும் சேர்ந்து சேற்றிலேயே விதையைத் தூவுகிறார்கள், பட்டப்பகலில், வெயில் மண்டையைப் பிளக்கும்போது. வடக்கு மூலையில் கோரை இப்போது என் தோள் உயரம். போன ஆடியில் அம்மன் ஆறாட்டுக்கு இறங்கினபோது உள்ளே இருந்து ஒரு நீர்க்கோழி குஞ்சுகளோடு வெளியே ஓடியது. மேளக்காரர்கள் வாசிப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஆகாயத்தாமரை முழுக்கப் போய்விட்டது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். வாரா வாரம் பிடுங்குகிறோம்.

போன மாதம் ஒரு நாள் நானும் மைனியும் குளத்தில் அந்த வேலையாக நின்றோம். பக்கத்து ஊரில் இருந்து ஒரு இளம்பெண் வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். புடலை விதை. மூன்று தடவை போட்டும் வரவில்லையாம். மைனி ஒரு தடவை தொட்டுத் தந்தால் போதுமாம். கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு நின்றாள்.

மைனி என்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். நான் ஆகாயத்தாமரையைப் பிடுங்குவதில் ரொம்ப மும்முரமாகிவிட்டேன்.

ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, விதைகளை உள்ளங்கையில் கொட்டி, ஒருதரம் புரட்டி, திரும்பப் பொட்டலத்தில் போட்டுக் கொடுத்தாள். "தொட்டுத் தந்தாச்சு. ஆனா வெள்ளத்தைக் கோரிக் கொட்டாதே. நெழல்ல வைக்காதே, நல்ல வெயில் படணும். கேட்டியா?"

அந்தப் பெண் பொட்டலத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு மிகுந்த பக்தியோடு கேட்டாள்:

"எந்தப் பக்கத்து வெயிலு மைனி?"

மைனி குனிந்து ஒரு ஆகாயத்தாமரைக் குட்டியைப் பிடுங்கிக் கரையில் போட்டாள். பிறகு சொன்னாள்:

"கெழக்க இருந்து வருகது போதும் மக்கா."